குதிரைக்காரன் கட்சியும் கேப்டன் கட்சியும்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. அண்ணன் குதிரைக்காரன் கட்சி, நான் கேப்டன் கட்சி. இருவருமே மாதாமாதம் வருகிற ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் ஹீரோக்கள். எந்த நாட்டுக்காரர்களோ, நல்ல தமிழ் பேசினார்கள். புத்தகத்தில் அவர்களுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் வழங்கிய பெயர் இதுதான்.

எண்பதுகளின் கடைசி. ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஃபேக்டரி உத்தியோகம். அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். ஸ்டேஷன் கடையில் புத்தகத்தை வாங்கி, ரயிலிலேயே படித்து முடித்துவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவான், படுபாவி.

"இந்தத் தபாவும் உன் ஆளு செம மாத்து வாங்கிகினான்டி!"

வாங்கத்தான் செய்வான். குதிரைக்காரன் சுட்டால் குறி தப்பாது, சட்டையில் தூசு படாது. கேப்டனுக்கு ஒரு கண் கிடையாது, கப்பலில் ஓட்டை, ஊர் ஊராகப் போய் அடிபடுவான். ஆனால் கடைசிப் பக்கத்தில் மூக்கில் ரத்தத்தோடு எழுந்து நின்று, சமையல்காரனைப் பார்த்து "சாப்பாடு ஆச்சா?" என்பான். எனக்கு அந்த ஒரு இடம் போதும். குறியே தப்பாதவனுக்குத் தைரியம் எதற்கு? தோற்றாலும் தோற்போம் என்று தெரிந்தே கிளம்புகிறவனுக்கல்லவா அது வேண்டும்? இன்றைக்கும் என் கட்சி அதுதான்.

"ஹீரோன்னா ஜெயிக்கணும்டி," என்பான் அண்ணன். "அடி வாங்கறவனப் பாக்கணும்னா எதிர் ஊட்டு மாமாவப் பாத்தா போதாதா? அதுக்கு இன்னாத்துக்கு புக்கு?"

நான் அவன் மேல் தலையணையை எறிவேன். அம்மா இருவரையும் சேர்த்துத் திட்டுவாள். அப்பாவுக்குக் காமிக்ஸ் என்றாலே ஆகாது. ஒருமுறை ஒரு கட்டுப் புத்தகத்தையே வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்.

அண்ணனுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. விடாத காய்ச்சல், பல் தேய்த்தால் ஈறெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அவன் காதுக்கு இது போகவே கூடாது என்று வீட்டில் முடிவாயிற்று.

அன்றிலிருந்து எல்லோரும் அவனிடம் தேனொழுகப் பேசினார்கள். அவனைக் கண்டாலே ஆகாத காட்டுப்பாக்கத்துச் சித்தி, கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து ஊட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் என்ன மடையனா? திட்டு வாங்கியே வளர்ந்த பிள்ளை, திடீரென்று யாருமே திட்டாவிட்டால் புரிந்துகொள்ள மாட்டானா? அதனால் நான் மட்டும் சண்டையை விடவில்லை. புதுப் புத்தகத்தோடு போய், கட்டில் ஓரத்தில் நின்று கேப்டனுக்காகக் கத்தினேன். அவனும் மூச்சு வாங்க வாங்கத் திருப்பிக் கத்தினான். அப்போதெல்லாம் அவன் முகத்தில் பழைய களை வந்துவிடும்.

அம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எத்தனை வருஷம் ஆவடியில் இருந்தும் அவள் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை. "பிள்ள கெடக்க கெடப்புல மல்லுக்கட்டுதியே, ஒனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா? விட்டுக்குடுத்தா கொறஞ்சா போயிருவ?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். அழுத முகத்தோடு அவனிடம் திரும்பிப் போக முடியாது.

ஒரு சாயங்காலம் அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கிடந்த காமிக்ஸை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். எனக்குப் பகீரென்றது. கொஞ்ச நேரம் கழித்து, "குதிரைக்காரன் கெட்டிக்காரனாத்தாம்ல இருக்கான்," என்றார். அப்பா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போனார்.

அவர் போனதும் அண்ணன் என்னைக் கேட்டான்: "அப்பாவே காமிக்ஸ் படிக்கிறாரு. டாக்டர் இன்னாடி சொன்னாரு?"

"பேச்ச மாத்தாத. உன் ஆளு மொதல்ல குதிரைய விட்டு எறங்கட்டும். கேப்டன் மாதிரி புயல்ல ஒரு நாள் நிப்பானா?" என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் கையைத் தூக்கி என்னை நிறுத்தினான். "போதும்டி. உன் ஆளுதான் பெரிய ஆளு. ஒத்துக்கினேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். எனக்கு அந்த வெற்றி வேண்டாம். அவன் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"இல்லண்ணா, உன் ஆளுதான். எப்பவும் உன் ஆளுதான்," என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ நீயும் உட்டுக்குட்த்துட்ட," என்றான். அவன் கண் நிறைந்து வழிந்தது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா காபியோடு வந்தபோதும் நான் அதை விடவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டையே வரவில்லை.