ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஐந்து

பாலவாக்கத்துக் கல்லூரியின் முகப்பிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்ததற்கு நீங்கள்தான் காரணம். கடல் காற்று இல்லை, மணல் இல்லை, ஒப்பந்தக்காரர் இல்லை. அந்தக் கட்டடத்தை வரைந்த நீங்கள்தான். விழுந்த துண்டு ஒரு செங்கல் அளவு இருந்தது. கீழே வராந்தாவில் பிள்ளைகள் டப்பாவைத் திறந்து மதியச் சாப்பாடு சாப்பிடும் சிமெண்டு பெஞ்சின் மேல் விழுந்தது. விடுமுறைக் காலம் என்பதால் உடைந்தது பெஞ்சு மட்டும்.

நான் அந்தக் கட்டடத்துக்குக் கணக்குப் போட்ட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். வீடு மேற்கு மாம்பலம், வேலை தி. நகரில் ஒரு சின்ன நிறுவனத்தில். அடையாறில் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கு வாரா வாரம் பஸ் பிடித்து வந்தவள். என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'கொஞ்சம் நெகட்டிவ்' என்று நீங்கள் எல்லோர் முன்னாலும் சொன்ன அந்த மேடம்தான்.

உங்கள் அலுவலகத்தில் ஒரே பலாமரத்தில் அறுத்த நீளமான மேசை ஒன்று உண்டு. சுற்றிலும் முதுகு சாய இடமில்லாத முக்காலிகள். ஒவ்வொரு கூட்டத்தையும் நீங்கள் ஒரே மாதிரிதான் தொடங்குவீர்கள். "இங்க ஆர்க்கிடெக்ட், இன்ஜினீயர்னு யாரும் கிடையாது. எல்லாரும் சேர்ந்து டிசைன் பண்றோம். இந்த டேபிள்ல முடியாதுங்கற வார்த்தை மட்டும் வேணாம்."

என் தொழிலே முடியாது என்று சொல்வதுதான். இந்தத் தூண் தாங்காது, அந்த உத்தரம் தொங்கும் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அந்தச் சொல்லைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னீர்கள்.

முதல் நாள் எல்லோருக்கும் கலர் கலராகச் சீட்டு கொடுத்தீர்கள். இந்த இடம் என்றதும் மனதில் தோன்றுவதை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். உங்கள் உதவியாளர்கள் அலைச்சத்தம், சுண்டல், விடியல் என்று எழுதினார்கள். நான் 'உப்பு' என்று எழுதினேன். என் சித்தி பாலவாக்கத்தில் குடியிருக்கிறாள். வாசல் கேட்டின் கீல் அடிக்கடி அறுந்து போகும். ஜன்னல் கம்பி உதிரும். ஃபிரிட்ஜின் முதுகு ஓட்டை. கடற்கரையில் வீடு வைத்திருக்கும் எவருக்கும் உப்பு என்றால் செலவுதான். ஆனால் மாலையில் சீட்டுகளைப் பிரித்து அடுக்கியபோது என் உப்பு 'நினைவுகளும் உணர்வுகளும்' என்ற தலைப்பின் கீழ் போயிருந்தது. சுண்டலுக்குப் பக்கத்தில்.

பிறகு அந்தப் பலகைகள் வந்தன. கடலைப் பார்த்த பக்கம் முழுக்க, வெயிலை மறைக்க, மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் கான்கிரீட் பலகைகள். மூன்று அங்குலத் தடிமன் போதும் என்றீர்கள். காகிதம் மாதிரி இருக்க வேண்டுமாம். அவ்வளவு உயரத்தில் காற்று இரண்டு பக்கமும் தள்ளும், இரண்டு வரிசைக் கம்பி வேண்டும், கம்பியை உப்பு தொடாமல் இருக்க வெளியே போதுமான கான்கிரீட் வேண்டும், அதனால் ஏழு அங்குலம் என்றேன். நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். "ஏழுன்னா அது கோட்டைச் சுவர், மேடம்."

இரண்டு கூட்டம் இதிலேயே போயிற்று. மூன்றாவது கூட்டத்தில் கல்லூரி அறக்கட்டளையின் தலைவர், மயிலாப்பூர்ப் பெரியவர், நாட்டாமைக்கு இறங்கினார்.

"எங்காத்துல மூணு கல்யாணம் பேசி முடிச்சிருக்கேம்மா. பொண்ணாத்துல ஒண்ணு கேப்பா, பிள்ளையாத்துல ஒண்ணு கேப்பா. ரெண்டு பேர் மனசும் நோகாம நடுவுல முடிச்சுண்டு போயிடணும். நீ ஏழுங்கறே, அவர் மூணுங்கறார். அஞ்சுன்னு வெச்சுப்போம்."

"சார், இது கல்யாணம் இல்ல. அஞ்சுல உப்பு உள்ள போயிடும்."

"எந்தக் கல்யாணத்துலதான் உப்பு கூடக் கொறைய இல்ல?"

மேசை முழுக்கச் சிரித்தது. எங்கள் நிறுவனத்தின் முதலாளி எனக்காகப் பேசுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் வாயில் உங்கள் அலுவலகத்துத் தினை லட்டு. அதை விழுங்கிவிட்டு, "அஞ்சுல அட்ஜஸ்ட் பண்ணிடலாம் சார்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ரங்கநாதன் தெருவில் புடவைக்குப் பேரம் பேசினால்கூடக் கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார். இங்கே அதுவும் இல்லை. கூட்டு வடிவமைப்பு என்று நீங்கள் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தால், யாரும் முடிவு செய்ததாகாது.

அந்த வரைபடத்தில் நான் கையெழுத்துப் போட மறுத்தேன். முதலாளி போட்டார். என்னை வேளச்சேரியில் ஒரு கார் நிறுத்துமிடம் கட்டும் வேலைக்கு மாற்றினார். அங்கே யாரும் சீட்டு ஒட்டவில்லை. நிம்மதியாக இருந்தது.

திறப்பு விழா நடந்தது. அந்தி வெளிச்சத்தில் எடுத்த உங்கள் படங்கள் பத்திரிகையில் வந்தன. இரண்டு மழைக்காலம் போனதும் பலகைகளில் பழுப்பாகக் கோடு இறங்கியது. எங்கள் முதலாளிக்குப் பயம் வந்துவிட்டது, என்னைத் திரும்பக் கல்லூரிக்கு அனுப்பினார். அன்று பராமரிப்புக்கு வந்திருந்த மேஸ்திரி பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரில் போட்டு உங்களிடம் பேசினேன்.

"துரு இறங்குது சார்."

"அதை ஏன் துருன்னு பாக்கறீங்க? கட்டடம் கடலோட பேச ஆரம்பிச்சிருக்கு மேடம்."

போனை வைத்ததும் மேஸ்திரி கேட்டார். "இன்னா மேடம், பேசுதாமா? எனக்கு இருமுற மாரி கீது."

அதற்கப்புறம்தான் அந்தத் துண்டு விழுந்தது. துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். இதில் கடலோடு பேச்சுவார்த்தை எதுவும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது உடைந்த பெஞ்சின் மேல் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருந்தார்கள். விழுந்த இடத்தில் கம்பி வெளியே தெரிந்தது. அண்ணாந்து பார்த்தேன். அதே பலகையில் இன்னும் நான்கைந்து இடங்களில் விரிசல். கையெட்டும் உயரத்தில் தட்டிப் பார்த்தேன், உள்ளே பொள்ளலாகக் கேட்டது.

இதற்கும் நீங்கள் கூட்டம்தான் போட்டீர்கள். அதே பலாமர மேசை, அதே லட்டு. இந்த முறை விதி வேறு. "யாரையும் குத்தம் சொல்ல வேணாம்." பெரியவர், "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, பகவான் இருக்கார்" என்றார். பலகைகளின் மேல் வலை கட்டி அதில் கொடி ஏற்றலாம் என்று நீங்கள் படம் போட்டுக் காட்டினீர்கள். கல்லூரி திறக்கும் முன் வராந்தாவை மூட வேண்டும், பிள்ளைகள் அங்கே உட்காரக் கூடாது என்றேன். சீட்டில் எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். மாலையில் பார்த்தால் அது 'எதிர்கால வாய்ப்புகள்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டியிருந்தது.

நானே கல்லூரி முதல்வரிடம் போனேன். ஆர்க்கிடெக்ட் எழுதிக் கொடுத்தால் மூடுகிறேன் என்றார். உங்களிடம் கேட்டேன். எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு என்றீர்கள். எங்கள் முதலாளி, "ஏம்மா, நமக்கு அடுத்த வேலையும் அவர் கிட்டருந்துதான் வரணும்" என்றார். கல்லூரி அடுத்த வாரம் திறக்கிறது. இப்போதைக்கு அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுவது குரோட்டன்ஸ்தான். தொட்டியை நகர்த்திவிட்டு உட்கார அவர்களுக்கு எத்தனை நேரம் ஆகும்?

அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் நீங்கள் பேசுகிறீர்கள் என்று அழைப்பிதழ் வந்திருக்கிறது. தலைப்பு கூட்டு வடிவமைப்பு. அட்டையில் அந்தப் பலகைகளின் படம், துரு இறங்குவதற்கு முன் எடுத்தது. நான் வருவேன், முன் வரிசையில் இருப்பேன். காபி நேரத்தில் என்னைத் தனியாக ஓரம் கட்டிப் பேச வேண்டாம். மேடையில் நின்று, மைக்கில், உங்கள் மாணவர்கள் கேட்கும்படி சொல்லுங்கள். அந்த ஐந்து அங்குலம் யார் எடுத்த முடிவு? வராந்தாவை மூடச் சொல்லி எழுதித் தருவீர்களா, மாட்டீர்களா?