பருப்பு விளைந்த ஊர்

போன சனிக்கிழமை மொன்றியலில், வில்லரேயில் உள்ள தமிழ்க் கடையில் மைசூர்ப் பருப்புப் பையொன்றைத் தூக்கினேன். அடி கிழிந்திருந்தது. பருப்பெல்லாம் என் சப்பாத்தின் மேல் கொட்டிச் சிதறியது. கடைக்காரத் தம்பி தும்புத்தடியோடு ஓடிவந்தார். "பரவாயில்லை அக்கா, விடுங்கோ." நான் விடவில்லை. குனிந்து ஒரு பிடி அள்ளி, மணந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்ன நினைத்தாரோ!

காய்ந்த மண்ணும் வைக்கோலும் கலந்த அந்தத் தூசி மணம் ஒரு காலத்தில் என் கணவரின் சட்டையில் தினமும் வீட்டுக்கு வந்த மணம்.

நாங்கள் கனடாவில் முதலில் இறங்கியது மொன்றியலிலும் இல்லை, ரொறன்ரோவிலும் இல்லை. சொன்னால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். சஸ்காச்சுவான் சமவெளியில் ஒரு சின்ன ஊர். சென்னையில் அகதியாக இருந்த எங்களை அந்த ஊர்த் தேவாலயத்துச் சனங்கள்தான் பொறுப்பேற்று அழைத்தார்கள். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். அங்கே ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், வானத்துக்கு முட்டுக்கொடுத்த மாதிரி ஒரு தானியக் களஞ்சியம். மலை இல்லை, மரமும் அதிகம் இல்லை. பக்கத்து ஊருக்குப் போகிறவரின் வாகனத்தை அவர் போய்ச் சேரும் வரைக்கும் வாசலில் நின்று பார்க்கலாம். முதல் மாதம் முழுக்க எனக்கு அதுதான் பொழுதுபோக்கு.

தபால் கந்தோரை நடத்தியவர் டொரீன். கணவரை இழந்தவர், ஐம்பது வயதிருக்கும். நாங்கள் வந்த அன்று எங்களைப் பார்ப்பதற்கு முன் பிள்ளைகளைத்தான் பார்த்தார்.

"ரெண்டு பிள்ளையளோ! அப்ப பள்ளிக்கூடம் தப்பிச்சுது."

அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு அப்போது பாதி விளங்கவில்லை. ஆனால் இப்போது நினைக்கும்போதெல்லாம் டொரீன் என் காதில் நல்ல யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். திருத்த மனமில்லை, அப்படியே விடுகிறேன்.

கணவருக்குப் பருப்பைச் சுத்தம்செய்து மூட்டை கட்டும் ஆலையில் வேலை கிடைத்தது. ஊரைச் சுற்றி விளைந்தது முழுக்க நாங்கள் சாப்பிடும் பருப்புத்தான். விளைவித்தவர்களில் ஒருவர்கூட அதை வாயில் வைத்ததில்லை என்பது அறுவடை முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது ஊர் மண்டபத்தில் எல்லோரும் ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்து கூடிச் சாப்பிடுவார்கள். நான் அந்த மண்டபத்துக் குசினியிலேயே பருப்புக் கறி வைத்தேன். தேங்காய்ப்பால் ஏது? பசுப்பால்தான். செத்தல் மிளகாயைத் தாளித்தேன். அவ்வளவுதான், மண்டபம் முழுக்க இருமல். குளிருக்குள்ளே எல்லாக் கதவையும் திறந்துவிட்டார்கள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் வீட்டுக்கு ஓடப் பார்த்தேன்.

டொரீன் மறித்து, ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு கரண்டி கேட்டார். வோல்ட்டர் என்ற வயதான கமக்காரர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையோ நான் இவ்வளவு காலமும் கப்பலில ஏத்தி அனுப்பினனான்?" என்றார். அன்றைக்குச் சட்டி வெறுமையாகத் திரும்பியது.

மூன்றாவது வருடம் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. எங்கள் இரண்டு பிள்ளைகளும் போதவில்லை. இனி அவர்கள் பக்கத்துப் பட்டணத்துக்கு ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் போக வேண்டும், அந்தக் குளிரில். கணவரின் அண்ணை மொன்றியலிலிருந்து போன் எடுத்து, "இஞ்ச வாங்கோ, கோயில் இருக்கு, தமிழ் வகுப்பு இருக்கு" என்றார். வெளிக்கிட்டோம்.

காரில் சாமான் ஏற்றும்போது டொரீன் வந்து நின்றார். "உங்களை நில்லுங்கோ எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. ஒருக்கா வந்து பிள்ளையளைக் காட்டுங்கோ."

"ஓம், கட்டாயம் வருவன்" என்றேன்.

போகவில்லை. முதலில் கணவருக்கு டவுன்டவுனில் உணவக வேலை, எனக்குக் குழந்தைகளைப் பார்க்கும் கார்டரியில் வேலை. பிறகு புறநகரில், ரொக்ஸ்பரோவில் வீடு. ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் டொரீனிடம் போனில் "வாற வருசம் வாறம்" என்பேன். தமிழ் படிக்கவென்று கூட்டிவந்த மகள் இன்று என்னோடு பிரெஞ்சில்தான் சண்டை பிடிக்கிறாள்.

ஒரு நாள் டொரீனே அழைத்தார். "வோட்டுப் போட்டு ஊர்ச்சபையைக் கலைச்சுப்போட்டம். இனி நாங்கள் கிராமம் இல்லை."

"நீங்களும் கை உயர்த்தினனீங்களோ?"

"ஓம். எரியாத தெருவிளக்கை மாத்த ஏணி பிடிக்கக்கூட ஆளில்லை."

நான் பிறந்த ஊரில் ஷெல் விழுந்தது. சனம் முழுக்க ஓடியது. ஆனாலும் திரும்பி வந்துவிட்டார்கள். இப்போது அங்கே மாடி வீடு கட்டி, வேலிக்குச் சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சமவெளி ஊரில் ஒரு குண்டும் விழவில்லை, ஒருவரையும் யாரும் துரத்தவில்லை. அது போயே போய்விட்டது.

இந்த மாரியில் டொரீனின் மகன் போன் எடுத்தார். பட்டணத்து முதியோர் இல்லத்தில் தாய் இறந்துவிட்டாராம். நாங்கள் இருந்த வீட்டையும் இடித்துவிட்டார்களாம். அந்தத் தெருவையும் சேர்த்து உழுதுவிட்டார்களாம்.

"அம்மாட்டை ஊரில எத்தினை பேர் எண்டு கேட்டா, கடைசி மட்டும் உங்கட நாலு பேரையும் சேர்த்துத்தான் சொல்லுவா" என்றார். "அவை மொன்றியலுக்குப் போயிருக்கினம், வருவினம் எண்டுவா."

அப்படிச் சொல்ல அங்கே இனி ஒருவரும் இல்லை.