அத்தை ஆசைப்பட்ட மீன் தொட்டி

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வெளியூர் விருந்தாளி ஒரு மிடறு குடித்துவிட்டுச் செம்பை மரியாதையாகக் கீழே வைத்துவிடுவார். திருவண்ணாமலையில் அந்த உப்புத் தண்ணீரைக் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்ட ஜீவன்கள் என்னுடைய மோலி மீன்கள் மட்டும்தான்.

அவை வந்தது என் தாய்மாமனால். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களுக்குக் காய்கறி வாங்கிக் கொடுப்பது, ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என்று மாமா ஏதோ செய்துகொண்டிருந்தார். நாடு திரும்பிய ஒருவர், ஒரு கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த நான்கு கறுப்பு மீன்களையும் மாமா தலையில் கட்டிவிட்டுப் போனார். மாமா அதை என் தலையில் கட்டினார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் கல்லுப்புப் போட வேண்டும் என்பது வெள்ளைக்காரர் சொல்லிவிட்டுப் போன ஒரே பாடம். நான் உப்பு ஜாடியைத் திறக்கும்போதெல்லாம், அப்படியே புளியும் கரைத்து ஊற்றிவிடச் சொல்லி அம்மா கேலி செய்வாள்.

மோலி முட்டையிடாது, குட்டியாகவே போடும் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் தொட்டிக்குள் கடுகளவு கண்களோடு ஒன்பது குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தேன், மூன்று இருந்தது. சாயங்காலம் ஒன்றும் இல்லை. தாய் மீன் கடைசிக் குட்டியின் வாலை விழுங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். வீடே அதிரும்படி அழுதேன். அழாமல் இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

ஏனென்றால் அந்த வாரம்தான் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். இதற்கு முன்னால் இரண்டு தடவை ஏதோ நடந்திருந்தது, பெரியவர்கள் அதைப் பற்றி என் எதிரில் பேச மாட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்தத் தடவை அத்தை குடத்தைத் தொட்டால்கூட நான்கு பேர் ஓடிவருவார்கள் என்பதுதான்.

அந்த நான்கு பேரில் முதலாவது பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி. எங்கள் கூட்டுக் குடும்பத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். தாலுகா ஆபீசில் சத்தம் போடும் அப்பா, வீட்டில் தன் அண்ணி எதிரே வந்தால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். என் அழுகையின் காரணத்தைக் கேட்டதும் பெரியம்மா முகம் மாறியது.

“பெத்ததையே தின்ற ஜென்மமா? புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல இது எதுக்கு? வெள்ளிக்கெழம காலைல கொண்டுபோய் ஐயங்குளத்துல வுட்டுட்டு வரச் சொல்லு.”

அப்பீல் கிடையாது. மாமா வாளிகூட எடுத்துவந்து வைத்துவிட்டார். நான் சோற்றைத் தொடவில்லை. அம்மாவைப் பார்த்தேன், அவள் ரசத்தைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை, தட்டைப் பார்த்தபடியே பேசினாள். “அண்ணி, எனக்கு என்னமோ அந்த மீன் தொட்டியப் பாத்துக்கினே இருக்கணும்னு ஆசையா இருக்குது. என் ரூம்ல வெச்சிக்கட்டுமா?”

பெரியம்மாவுக்குக் கை வாய்க்குப் போகாமல் நின்றது. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது பெரியம்மாவே தெருவுக்கெல்லாம் சொல்லும் வேதம். அதற்காகத்தான் காலமில்லாத காலத்தில் விளாம்பழம் தேடி மாமாவை வேலூர் வரை விரட்டியிருந்தாள். தன் வாயால் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்க முடியுமா? தொட்டி அத்தை அறைக்குப் போனது.

நான் நன்றியோடு இருந்திருப்பேன் என்று நினைத்தால் நீங்கள் பத்து வயதில் இருந்ததில்லை என்று அர்த்தம். என் மீனை அத்தை பறித்துக்கொண்டாள் என்று எனக்கு ஒரே ஆத்திரம். ஊரிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த மல்லாட்டையை, வறுத்த வேர்க்கடலையை, இரண்டு நாள் தொடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் தின்றேன்.

ஒரு மாதம் கழித்து, மாசியில் ஒரு பிற்பகல் சூரிய கிரகணம். கடைகளைச் சாத்திவிட்டார்கள், கோயில் நடையும் சாத்தியாயிற்று. அத்தை அறை ஜன்னல் சந்துகளில் பெரியம்மா கோணிச் சாக்கைத் திணித்து, அவளை அசையாமல் படுக்கச் சொல்லி, துணைக்கு என்னையும் உள்ளே தள்ளினாள். பிறகு தர்ப்பைப் புல் கட்டோடு வந்தாள். கிரகண தோஷம் அண்டாமலிருக்கத் தண்ணீர்ப் பானையில், ஊறுகாய் ஜாடியில், மாவுச் சட்டியில் என்று எல்லாவற்றிலும் போட்டு முடித்திருந்தாள். மீந்ததைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியருகே நின்றாள். பெட்டை மீன் ஒன்றின் வயிறு புடைத்திருந்தது.

“இதுவும் வயித்துப்புள்ளக்காரிதான,” என்று சொல்லி, ஒரு பிடிப் புல்லை முழுதாகத் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இருட்டில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கும் அளவுக்கு இறுக்கினாள். அவள் கை ஈரமாக இருந்தது. புழுக்கம் என்று நினைத்தேன்.

கிரகணம் விட்டு, எல்லோரும் தலைக்குக் குளித்து, சாக்கை எடுத்தபோது தொட்டியில் மீனின் வயிறு தட்டையாக இருந்தது. இந்தக் குட்டிகளையும் தின்றுவிட்டது என்று நினைத்தேன். அப்போது அத்தைதான், “டேய், புல்லு நடுவுல பாருடா” என்று கத்தினாள். தர்ப்பைத் தாள்களுக்கு இடையில் பெரிய மீன்கள் நுழைய முடியாத சந்துகளில் கறுப்புக் கறுப்பாகக் குட்டிகள். பதினான்கு எண்ணினேன். அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள். கிரகணம் முடிந்தால் தூக்கிப்போட வேண்டிய புல்லை அவள் யாரையும் தொடவிடவில்லை.

தர்ப்பையின் மகிமை என்று பெரியம்மா தெரு முழுக்கச் சொன்னாள். குட்டிக்கு ஒளிய இடம் வேண்டும் என்ற சங்கதி எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அதன் பிறகு வாரம் ஒரு புது தர்ப்பைக் கட்டு தவறாமல் வந்தது. எங்கள் மீன்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏறிப் பாதித் தெருவுக்குக் குடிபோயின. சித்திரையில் அத்தைக்குப் பெண் பிறந்தது. காதில் சீழ் வடியவில்லை.

என் மனைவி முழுகாமல் இருந்தபோது நானும் ஒரு தொட்டி வாங்கிவந்தேன். படுக்கையறையில் வைக்க வேண்டாம் என்று அம்மா தடுத்தாள். அத்தை ஆசைப்பட்டாளே என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஆசையா? ரெண்டு புள்ளய வயித்துலயே பறிகுடுத்தவடா அவ. அந்த மீனப் பாத்தாலே அவளுக்கு ஒடம்பு நடுங்கும். நீ சோறு தின்னாம கெடந்தியேன்னு கேட்டு வாங்கி வெச்சிக்கினா.”

எனக்கு அந்தப் பழைய கிரகணத்துக்கு முந்தின வாரம் நினைவுக்கு வந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டது. அத்தை அறைக்குப் போனேன். தொட்டி மேல் பழைய புடவை ஒன்று நாலு பக்கமும் மூடியிருந்தது. அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கேட்டதற்கு, “பகல்ல தூங்குதுங்கடா” என்றாள். என் மீனை என் கண்ணில் காட்டாமல் மூடிவைக்கிறாள் என்று நேராகப் பெரியம்மாவிடம் போய்க் கோள் சொன்னேன். பார்க்க ஆசைப்பட்டவளே மூடிவைத்தால், தொட்டியை வெளியேற்றப் பெரியம்மாவுக்கு அது ஒன்று போதும். பெரியம்மா எழுந்துபோய் வெல்லப் பானையைத் திறந்தாள். பிறகு என் கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்து, “தூங்கட்டும். யாராண்டயும் சொல்லாத” என்றாள்.

மீனின் தூக்கத்துக்காகத்தான் வெல்லம் என்று நினைத்துக்கொண்டு, அதைச் சப்பியபடி விளையாடப் போய்விட்டேன்.