ஏழாவது காற்றாலை நின்றுவிட்டதா?

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்கு நின்றபோது புரோகிராம் எழுதக் கற்றேன். இப்போது ஆரல்வாய்மொழியில், காற்றாலைகளைப் பராமரிக்கும் சிறிய அலுவலகத்தில் இருக்கிறேன். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று திரையில் காட்டும் புரோகிராம் நான் எழுதியது.

முதலில் அது ஒவ்வொரு காற்றாலையாகக் கேட்டு வரும். ஒன்று பதில் சொல்லத் தாமதித்தால் பின்னால் உள்ளவை எல்லாம் காத்துக் கிடக்கும். மேலே ஏறிப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன் வெயிலில் நின்று போனில் கத்துவான்: "அண்ணாச்சி, ஒமக்க கம்ப்யூட்டரு உறங்குதா?"

அவனுக்காகத்தான் த்ரெட் போட்டேன். ஒரே புரோகிராமுக்குள் பல வேலைகள் சேர்ந்தாற்போல் ஓடும். காற்றாலைக்கு ஒரு த்ரெட். திரை உடனுக்குடன் மாறியது. இவ்வளவு நன்றாக ஓடுகிறதே என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

ஆடிக் காற்றில் ஒரு நாள், மேலே ஏற வேண்டும் என்று டெக்னீஷியன் ஏழாவதை நிறுத்தச் சொன்னான். கட்டளை அனுப்பினேன். திரையில் 'நின்றது' என்று வந்தது.

"நின்னாச்சு மக்கா. ஆனாலும் ஒருதரம் அண்ணாந்து பாரு."

"ஒம்ம பயத்துக்கு எனக்க கழுத்து சுளுக்கணுமா?"

சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்தான் போல. பிறகு மெதுவாக, "அண்ணாச்சி... சுத்துதே" என்றான்.

முன்பே நின்றிருந்தது பதினொன்றாவது; ஏழாவதுக்குக் கட்டளை இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டின் த்ரெட்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எழுதப் போய், பதினொன்றாவதின் பதில் ஏழாவதின் வரிசையில் விழுந்திருந்தது. எத்தனையோ முறை சோதித்தபோதும் தலைகாட்டாத தப்பு.

பயத்தில் எங்கு பார்த்தாலும் பூட்டுப் போட்டேன். ஒரு த்ரெட் உள்ளே இருந்தால் மற்றது வெளியே நிற்க வேண்டும். மறுநாள் திரை அசையவே இல்லை. இது விடட்டும் என்று அதுவும், அது விடட்டும் என்று இதுவும் நின்றுகொண்டிருந்தன.

டீக்கடையில் அவனிடம் சொன்னேன். சிரித்துவிட்டான்.

"மிஷின் நின்னதும் கீழ உள்ள சாவிய எடுத்து பாக்கெட்டுல போட்டுட்டுத்தான் ஏறுவேன். எவனும் ஓட்ட முடியாது. எறங்கினதும் மாட்டிருவேன். ஒருக்கா மறந்து, சாவியோட கொட்டாரம் ஊர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன். அவ்வளவு காத்துல மிஷின் சும்மா நின்னுச்சு. என்னை ஏசாத ஆளில்ல."

அன்று பூட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு, பதிலை எழுதும் அந்தக் கணத்துக்கு மட்டும் ஒன்று வைத்தேன். இப்போது வேகமாகவும் ஓடுகிறது, வரிசையும் மாறவில்லை. இருந்தாலும் திரையின் தலைப்பில் சிவப்பில் எழுதினேன்: 'இதைப் பார்த்து ஏறக்கூடாது.'

மேலாளர் வந்து பார்த்தார். "பின்ன இது எதுக்குவே?"

"எந்த மிஷினுக்குப் போகணும்னு சொல்லும் சார். ஏறலாமாங்கிறத அவன் கண்ணால பாக்கட்டும்."

முணுமுணுத்தார். அழிக்கச் சொல்லவில்லை.