நல்லெண்ணெய் குடித்த கதவு

"…ஒரு சொட்டு. ஒரேயொரு சொட்டு என்ரை சீலையிலை விழட்டும், பிறகு அந்தக் காரை அக்குறணை ஹாஜியாருக்குக் குடுத்துப்போட்டு நாங்கள் பஸ்ஸிலை போவம். விளங்கிச்சுதோ?"

நான் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போனபோது டீச்சர் பேச்சின் கடைசிப் பகுதிதான் என் காதில் விழுந்தது. முன்பகுதியை மழை விழுங்கிவிட்டது. சேர் கதிரையில் இருந்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கொடியில் மாம்பழ நிறப் பட்டுச் சீலை ஒன்று தொங்கியது. முந்தானை விழுகிற இடது தோள் பக்கத்தில் கறுப்பாக ஒரு கறை. என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். டீச்சர் அவருடைய மனைவி, டவுனில் படிப்பித்தார். நான் மஹய்யாவக்காரன். மாநகரசபையின் தண்ணீர்ப் பகுதியில் குழாய் திருத்துகிற வேலை. ஒருநாள் அவர்கள் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றப் போனவனைச் சேர் அப்படியே கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கார்க் கதவைப் பிடிக்கச் சொன்னார். அன்றைக்குப் பிடித்த கதவை நான் பல வருடம் விடவில்லை.

அது இங்கிலாந்தில் செய்த சிவப்பு நிற ஸ்போட்ஸ் கார். இரண்டு பேர் இருக்கலாம். பின்னால் ஒரு பூனை படுக்கலாம். சத்தம் மட்டும் ஒரு பஸ்ஸுக்குப் போதும். எங்கள் லைன் வீடுகளில் அதைக் கண்டால், "கல்யாணமாகாத ஆளு ஓட்டுற காரைக் கல்யாணமான ஆளு ஓட்டுறாரு பாரு" என்பார்கள்.

தமிழருக்கு எதிரான கலவரம் வந்தபோது சேரும் டீச்சரும் தெரிந்த சிங்களக் குடும்பமொன்றின் வீட்டில் ஒளிந்திருந்தார்கள். காரை ஒளித்தது அக்குறணை ஹாஜியார். மாத்தளை ரோட்டில், அக்குறணையில், டயர், ரப்பர் சாமான் விற்கிற கடை அவருடையது. அதன் பின்பக்க ஸ்டோரில், சாக்கு மூடி, பழைய டயர்களை மேலே அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் அடங்கி அவர்கள் வீட்டுக்குத் திரும்பியபோது ஒரு ஜன்னலிலும் கண்ணாடி இல்லை. காரில் ஒரு கீறல் இல்லை. கழுவி மினுக்கி வேறு வந்திருந்தது. அந்த நாட்களில் ஹாஜியார் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். அதன்பிறகு சேரைக் கண்ட இடமெல்லாம் அவருக்கு ஒரே கேள்விதான்.

"சேர், எப்ப தாறீங்க?"

"ஹாஜியார், அது விக்கிறதுக்கில்லை."

"நான் இப்பவா கேட்டேன்? எப்ப எண்டுதானே கேட்டேன்."

இப்போது அந்தக் கதவுக் கண்ணாடிகளைச் சுற்றியிருந்த ரப்பர் செத்துப்போயிருந்தது. தொட்டால் பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கண்டி மழை அதற்குள்ளால் நேராக டீச்சரின் தோளைத் தேடி வந்தது. "தண்ணி வழி தேடும், மனுசன் சாட்டுத் தேடுவான்" என்று எங்கள் தண்ணீர்ப் பகுதியின் பெரியவர் ஒருவர் சொல்வார். சேரும் சாட்டுத் தேடிப் பார்த்தார். யுத்தம், இறக்குமதி, காற்று அடித்த திசை என்று எதையெதையோ சொன்னார். டீச்சர் கொடியில் தொங்கிய சீலையைக் காட்டினார். அடுத்த கிழமை மாத்தளையில் டீச்சரின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அதுதான் சோதனை.

வேறு வழியில்லாமல் சேர் என்னையும் ஏற்றிக்கொண்டு ஹாஜியாரின் கடைக்கே போனார். காரை வாங்கக் காத்திருக்கிறவரிடமே காரைக் காப்பாற்ற ரப்பர் கேட்கிற நிலைமை! ஹாஜியார் முகம் கோணவில்லை. பஸ் ஜன்னலுக்குப் போடுகிற நல்ல ரப்பர் பட்டியை உள்ளேயிருந்து எடுத்துவந்து, எங்கே வெட்ட வேண்டும், எங்கே சொலூசன் வைத்து ஒட்ட வேண்டும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். நாங்கள் எழும்பும்போது சொன்னார்:

"சேர், ஒண்டு செல்றன். இறுக்கமா ஈக்கும். அதுக்காக எண்ண மட்டும் பூசிராதீங்க. சோப்புத் தண்ணி போதும். ரப்பரும் மருமகனும் ஒண்டுதான். எண்ணயக் காட்டக் காட்ட ஊதிக்கொண்டே போகும்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சேர் சிரிக்கவில்லை.  திரும்பும் வழியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியதும் சொன்னார்:

"தம்பி, யோசிச்சுப் பாரும். இந்தக் கண்ணாடி ஒழுகினால் கார் ஆருக்கு?"

"ஹாஜியாருக்கு."

"அப்ப அவர் எண்ணெய் போடாதை எண்டு ஏன் சொல்லுறார்?"

கச்சேரியில் வருடக்கணக்காக மற்றவர்கள் சொன்னதன் பின்னால் என்ன இருக்கிறதென்று தேடிய மூளை அது. எண்ணெய் போட்டால்தான் ரப்பர் பதமாகி ஒட்டும், அதனால்தான் மனிசன் மறிக்கிறான் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். கதவின் உள்பலகையைக் கழற்றி, கண்ணாடி சுற்றுகிற கைப்பிடியைக் கழற்றி, பழைய ரப்பரைக் கத்தியால் சுரண்டினோம். பலகையைப் பிடித்திருந்த கிளிப்புகள் உடைந்துபோனதால் டீச்சரின் கொண்டை ஊசிகள் சில கதவுக்குள் குடியேறின. சுரண்டிக்கொண்டிருக்கும்போது சேர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஊரிலை வீட்டுக்கு ஷெல் விழுந்து கூரையில்லை. இஞ்சை இருக்கிறது வாடகை வீடு. எனக்கெண்டு மூடித் திறக்க இருக்கிறது இந்த ரெண்டு கதவும்தான் தம்பி." அதற்குமேல் அந்தக் காரைப் பற்றி நான் பகிடி விடவில்லை. அதாவது, அன்றைக்கு விடவில்லை.

புது ரப்பர் சட்டத்துக்குள் போக மறுத்தது. தள்ளினால் வளைந்தது, விட்டால் துள்ளி வெளியே வந்தது. சேர் குசினிக்குள் போனார். இடுப்புச் சாறத்துக்குள் எதையோ மறைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அது டீச்சரின் நல்லெண்ணெய்ப் போத்தல்.

அந்தப் போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்த காலம். டீச்சரின் தங்கச்சி யாழ்ப்பாணத்திலிருந்து யார் யாரிடமோ கெஞ்சிக் கொடுத்து, கை மாறி மாறி வந்த எண்ணெய் அது. டீச்சர் அதைத் துளித்துளியாகத்தான் செலவழிப்பார்.

"ஐயா, தேங்காயெண்ணெய் இல்லீங்களா?" என்றேன்.

"இங்கிலாந்துக் காருக்குத் தேங்காயெண்ணெயோ?" என்றார்.

பூசினோம். ரப்பர் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி வெண்ணெயில் கத்தி போல ஏறி இறங்கியது. நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கதவின்மேல் பாய்ச்சினேன். உள்ளே இருந்த சேர் சட்டையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "ஒரு சொட்டில்லை!" ரப்பர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று கண்ணாடிகளை மேலே ஏற்றி மூடினார். கல்யாண நாள்வரை ஒருவரும் தொடக்கூடாது என்றார். தொடவில்லை.

கல்யாணத்தன்று மழை, வானத்தில் குழாய் உடைந்ததுபோல. என்னையும் வரச் சொன்னார் சேர். ஏதும் கழன்றால் மாட்ட ஆள் வேண்டுமே. பூனை படுக்கிற இடத்தில் நான் முழங்காலைத் தாடைக்குக் கொடுத்து மடங்கியிருந்தேன். கல்யாணப் பரிசான உயரமான பித்தளைக் குத்துவிளக்கு, பேப்பரில் சுற்றி, என் மடியில். டீச்சர் நீலப் பட்டில் இருந்தார். மஹய்யாவ தாண்டினோம். ஒரு சொட்டும் இல்லை. சேர் விசிலடித்தார். அப்போதுதான் டீச்சர் மூக்கைச் சுருக்கினார்.

"இஞ்சருங்கோ, என்ன இது, நல்லெண்ணெய் மணக்குது?"

விசில் நின்றது.

"தம்பி தலைக்கு வைச்சிருப்பான்" என்றார் சேர், என்னைக் கேட்காமலே.

நான் குத்துவிளக்கை இன்னும் இறுகக் கட்டிப் பிடித்தேன். டீச்சர் திரும்பி என் தலையைப் பார்த்தார். அதில் அவ்வளவு முடியில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சோதனைச் சாவடி. ஆமிக்காரன் ஒருவன் கையைக் காட்டி நிறுத்தினான். மழைக்கோட்டுத் தொப்பிக்குள்ளிருந்து சேரின் பக்கக் கண்ணாடியில் தட்டினான். "வீதுருவ பான்ன." கண்ணாடியை இறக்கச் சொல்கிறான்.

சேர் கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி அசையவில்லை. ரப்பர் ஒரு கிழமையாக எண்ணெய் குடித்து, உண்டு கொழுத்த மருமகனைப் போலக் கண்ணாடியை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்திருந்தது. அவன் மறுபடியும் தட்டினான். சேர் பலம் கொண்ட மட்டும் திருக, கைப்பிடி கழன்று கையோடு வந்தது. பதற்றத்தில் அதை உயர்த்தி அவனுக்குக் காட்டினார். ஈரக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு மனிதன் கறுப்பு இரும்புச் சாமானொன்றைத் தூக்குகிறான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் பதுங்கி, நீளமான பொட்டலமொன்றை அணைத்துக்கொண்டிருக்கிறான். ஆமிக்காரனின் துவக்குக் குழல் எங்கள் பக்கம் உயர்ந்தது. சாவடிக்குள்ளிருந்து இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"அதைக் கீழை போடுங்கோ. கதவைத் தொடாதேங்கோ. தம்பி, அசையாதையும்" என்றார் டீச்சர், வகுப்பை அமைதியாக்குகிற குரலில்.

பிறகு தன் பக்கக் கதவை மெதுவாகத் திறந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நீலப் பட்டோடு அந்த மழைக்குள் இறங்கினார். கதவோரத்திலேயே நின்று சிங்களத்தில் பேசினார். மழை வரக்கூடாதென்று இந்த மனிசன் கண்ணாடியைத் திருத்தினார், இப்போது மழையும் வராது, கண்ணாடியும் இறங்காது, பின்னால் இருப்பது மாநகரசபை ஆள், அவன் மடியில் இருப்பது கல்யாண விளக்கு என்று.

அடையாள அட்டைகளை வாங்கினார்கள். பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று எழுதியிருந்த இடத்தில் ஒருவனின் கண் நின்றுவிட்டது. அந்த நேரத்துக்கு எங்கள் மூன்று பேருக்கும் ஒரே மூச்சுத்தான். பிறகு என்னை இறக்கி, விளக்கைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வயதான ஆமிக்காரர் ஒருவர் காருக்குள் தலையை நீட்டி மணந்து பார்த்துவிட்டு, "இதென்ன, நாட்டு வைத்தியரின் வீடா? நோயாளி எங்கே?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகு எங்களைப் போகவிட்டார்கள்.

காருக்குள் டீச்சரின் சீலையிலிருந்து தண்ணீர் ஓடியது. சேர் பாதையை மட்டும் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் மெல்ல, "உள்ளுக்கு ஒரு சொட்டும்…" என்று தொடங்கினார்.

"அக்குறணையிலை நிப்பாட்டுங்கோ" என்றார் டீச்சர்.

 அந்தக் கார் அவ்வளவு மெதுவாகப் போய் நான் கண்டதில்லை. சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

கார்ச் சத்தம் கேட்டு ஹாஜியார் குடையோடு வெளியே வந்தார். சொட்டச் சொட்ட நின்ற டீச்சரைக் கண்டதும் அவர் முகத்தில் கவலையும் ஆசையும் ஒன்றாக ஏறின.

"யா அல்லா! ஒழுகிட்டா, டீச்சர்?" என்றவர், கதவோரம் குனிந்து ரப்பரை ஒரு விரலால் அமுக்கி, விரலை மணந்து பார்த்தார். "சேர்… எண்ண போட்டீங்க. நான் அண்டைக்கே சென்னேன்தானே, போடாதீங்க எண்டு?"

"சொன்னவரோ?" டீச்சர் சேரின் பக்கம் திரும்பினார்.

சேர் ஹாஜியாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் நினைச்சன்… அவருக்குக் கார் வேணும் எண்டபடியால்…" என்று சொல்லி மண்ணைப் பார்த்தார்.

"கார் எனக்கு வேணும்தான்" என்றார் ஹாஜியார் அமைதியாக. "அதுக்காக கெட்ட ரப்பர் குடுக்கலாமா?"

  டீச்சர் தன் சீலையைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"உள்ளுக்கு ஒரு சொட்டும் விழேல்லை. நானாத்தான் இறங்கி நனைஞ்சனான். அதுக்குக் கார் என்ன செய்யும்?" என்றார்.

சேர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. விட்ட மூச்சு முடிவதற்குள் டீச்சர் அவர் கையிலிருந்த சாவியை எடுத்து ஹாஜியாரின் உள்ளங்கையில் வைத்தார். "சீலை காயுமட்டும் ஒருக்கா ஓடிப் பாத்திட்டு வாங்கோ. இவரையும் பக்கத்திலை ஏத்திக்கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டு, நனைந்த சீலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹாஜியாரின் மனைவியைக் கூப்பிட்டபடி கடையோடு ஒட்டியிருந்த வீட்டுக்குள் போனார்.