சுவர் சொன்ன பதில்

சைகோனில் பென் தான் என்ற சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் சின்ன அம்மன் கோயிலைப் பாப்பாக்காதான் கூட்டிப் பெருக்குகிறார். அப்பா காரைக்கால், அம்மா சைகோன். எழுபத்தைந்தில் ஆட்சி மாறி, இங்கிருந்த தமிழர்கள் விமானம் ஏறியபோது அவர் ஏறவில்லை. ஏன் என்று கேட்டால், "அம்மனுக்கு யாரு பூ கட்டுறது?" என்பார். மறுநாள் கேட்டால், "எனக்கு ஏரோப்ளேன்னா பயம்" என்பார். எது உண்மை என்று, ஊர் சுற்ற வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்குத் தெரியாது.

கும்பிட வருபவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். கருவறையின் பின்சுவரில் நெற்றியை வைத்து, வேண்டியதை அவர்கள் மொழியில் கிசுகிசுப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பாக்கா பூக்கட்டும் அறை. நடுவில், எப்போதோ குழாயைப் பிடுங்கிய இடத்தில் ஒரு துளை. எல்லாம் கேட்கும்.

லான் அம்மாளின் மகன் எழுபத்தெட்டில் படகேறி நாட்டைவிட்டு ஓடியவன். அதற்குப் பிறகு சேதி இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் சுவரில் முகத்தை வைத்து, "உசுரோட இருக்கானா, அத மட்டும் சொல்லு தாயே" என்று அழுதிருக்கிறார். கையில் நாரோடு உட்கார்ந்திருந்த பாப்பாக்கா, அவர்கள் மொழியிலேயே "இருக்கான்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து லான் அம்மாள் வெள்ளி தவறுவதில்லை. மகனுக்கு நினைவுப் படையல் போட வீட்டில் யாரையும் விடவும் இல்லை. இருக்கிறவனுக்கு எதற்குப் படையல்? இப்போது, பதினேழு வருடம் கழித்து, அவர் குடியிருக்கும் கால்வாயோரத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள். எல்லோருக்கும் அடுக்குமாடியில் இடம் ஒதுக்கியாயிற்று. லான் அம்மாள் மட்டும் நகரவில்லை. மகன் தேடி வந்தால் பழைய வீட்டுக்குத்தானே வருவான்?

அவருடைய மகள் ஹான் நேரே பாப்பாக்காவிடம் வந்தாள். "செவுரு பேசாதுன்னு எனக்குத் தெரியும். பேசினது யாருன்னும் தெரியும். இன்னொரு தடவை பேசுங்க. புது வீட்டுக்கே வருவான்னு சொல்லுங்க. மெஷின் வந்துட்டா அம்மாவ நான் எப்படித் தூக்கிட்டு வெளிய வர்றது?"

அவள் போனதும் பாப்பாக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "சட்டம் படிச்சியே, இதுக்கு என்ன பேரு?"

ஊர் சுற்றப் போகிறேன் என்று பாதியில் விட்ட படிப்பில் ஒரு லத்தீன் சொல் மிச்சமிருந்தது. "தோலுஸ். தெரிஞ்சே, ஏமாத்தணும்னு நெனைச்சே ஏமாத்துறது. அப்படி நெனைக்காம வாய் தவறிச் சொன்னா அது தோலுஸ் இல்ல."

"மொதத் தடவ வாய்தான் சொல்லிச்சு. அப்பறம் இத்தன வருசமா வாய மூடிக்கிட்டு இருந்தது நானு. அது எதுல சேரும்?"

"அதுவும் சேரும்னு நெனைக்கிறேன். ஆனா நல்ல தோலுஸ்னும் ஒண்ணு உண்டுன்னு..."

"நல்ல ஏமாத்தா? யாரு பாத்துப் பிரிக்கிறது?"

"தெரியலக்கா."

"நல்லா ஊர் சுத்தின போ."

வெள்ளிக்கிழமை இருவரும் பூ அறையில் உட்கார்ந்திருந்தோம். லான் அம்மாளின் குரல் துளை வழியாக வந்தது.

"வீட்ட விடச் சொல்றாங்க தாயே. அவன் கேட்டா எடம் சொல்லுவியா? எட்டாம் நம்பர் கட்டடம், மூணாவது மாடி. திருப்பிச் சொல்லு. சொன்னாத்தான் நகருவேன்."

பாப்பாக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சரி என்றா, வேண்டாம் என்றா, எனக்கே தெரியவில்லை.

"எட்டாம் நம்பர் கட்டடம்," என்றார் பாப்பாக்கா. "நாலாவது மாடி."

"மூணாவது, பாப்பா," என்றது சுவருக்கு அந்தப் பக்கம்.

செருப்பு தேயும் சத்தம் தூரப்போனது. மறுநாளே லான் அம்மாள் மூட்டை கட்டிவிட்டதாக ஹான் வந்து சொன்னாள். சாக்லேட் கொடுத்தாள்.

அடுத்த வெள்ளியும் அந்த அம்மாள் வந்தார். எதுவும் நடக்காததுபோல் நெற்றியைச் சுவரில் வைத்தார். "படி ஏற முடியல தாயே, முட்டி வலிக்குது."

பாப்பாக்கா என்னைக் கிள்ளினார். "எப்பலேர்ந்து தெரியும்னு கேளேன்."

"நீங்களே கேளுங்க."

அவர் கேட்கவில்லை. நாரை எடுத்துக்கொண்டு, முக்காலியைத் துளைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.