‘சேவ் பண்ணவா?’ என்று கேட்டது

கம்பியூட்டரைக் கண்டுபிடித்தவர்கள் நல்லாயிருக்கட்டும் என்று வாழ்த்த இந்த வாரம் எனக்கு மனமில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

தேற்றாத்தீவிலிருந்து வசந்தி போன் பண்ணினாள். என் சித்தியின் மகள். கணவர் காலமாகி இன்னும் ஒரு மாதம் முடியவில்லை. வருகிற ஞாயிறு முப்பத்தோராம் நாள் கிரியை.

“அண்ணன், அவர்ர பாட்டுத் திறக்குதில்ல. ஒருக்கா வந்து பாருங்களன்.”

அவர் கூத்துக்காரர். ராஜா வேஷம் கட்டினால் விடியும்வரை சனம் எழும்பாது. ஒருநாள் வீட்டில் பாடிப் பழகும்போது வசந்தி போனில் பதிந்து லெப்டொப்பில் போட்டுவைத்தாள். பிறகு அந்தப் போன் வெள்ளத்தில் நனைந்து செத்துப்போனது. ஆக, மிச்சமிருக்கும் அவருடைய குரல் அது ஒன்றுதான். ஞாயிறு வருகிற சொந்தக்காரர்களுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும்... அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

போனேன். பாட்டை கிளிக் பண்ணினேன். எழுத்து அடிக்கிற நோட்பேட் திறந்தது! கட்டம், கேள்விக்குறி, என்ன பாஷை என்றே தெரியாத எழுத்து.

இது எனக்குத் தெரிந்த வருத்தம்தான், மருந்தும் தெரியும். எதில் திறக்க என்று லெப்டொப் எப்போதோ கேட்டிருக்கும். யாரோ நோட்பேடைக் காட்டி, ‘எப்போதும்’ என்பதையும் அழுத்தியிருப்பார்கள். அன்றிலிருந்து எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அது எழுத்தாகத்தான் வாசிக்கும். மனிதர்களுக்கு நூறு தரம் சொன்னாலும் ஏறாது. இதுக்கு ஒருதரம் சொன்னால் போதும், சாகும்வரை மறக்காது. இரண்டோடும் எப்படிக் குடும்பம் நடத்துவது?

ரைட் கிளிக். ‘ஓப்பன் வித்’. பாட்டுப் போடும் புரோகிராமைக் காட்டி, ‘எப்போதும்’. முடிந்தது. சினிமாப் பாட்டுப் பாடியது. கோயில் பாட்டுப் பாடியது.

“இதுக்கா பிள்ள இவ்வளவு அழுத?” என்றேன், பெரிய எஞ்சினியர் மாதிரி. வசந்தி சிரித்தாள். தேத்தண்ணி வந்தது.

அவருடைய பாட்டை அழுத்தினேன். ‘திறக்க முடியாது’ என்றது. வேறு புரோகிராமில் போட்டேன்... அதே பதில். ஃபைலில் கடைசியாக மாற்றிய திகதியைப் பார்த்தேன். நேற்று.

“நேத்து இதில என்ன செஞ்ச?”

“ஒவ்வொரு நாளும் திறந்து பாப்பன் அண்ணன். கட்டங்கட்டமா வரும். பாட்டுத் தொடங்க அந்த நீட்டு பட்டனத்தான தட்டுற? தட்டுவன். பாடாது. மூடிருவன்.”

“மூடக்குள்ள ஏதும் கேட்டதா?”

“ஓம். சேவ் பண்ணவா எண்டு கேட்டது.”

விஷயம் விளங்கிவிட்டது. அந்த நீட்டு பட்டன், அதுதான் ஸ்பேஸ் பார், பாட்டுப் போடும் புரோகிராமுக்கு ‘பாடு’. நோட்பேடுக்கோ ‘ஒரு இடைவெளி எழுது’. எழுதியதை சேவ் பண்ணினால், எழுத்தாக மாறியதுதான் மிஞ்சும். உள்ளே இருந்த பாட்டுச் சிதறிப்போகும்.

“வேணாம் எண்டு குடுத்திருக்கலாமே,” என்று எரிந்து விழுந்தேன்.

வசந்தி என்னையே பார்த்தாள். “அவர்ர குரல் அண்ணன்... சேவ் பண்ண வேணாம் எண்டு எப்பிடிக் குடுக்கிற?”

டவுனில் காட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லி, அந்த ஃபைலை பென் டிரைவில் எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மட்டக்களப்பில் தெரிந்த கடைகளில் எல்லாம் காட்டிவிட்டேன். கையை விரித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் என்னைக் கண்டதும், வசந்தி முதலில் என் சட்டைப்பையைத்தான் பார்ப்பாள்.